நா லோம் விகாரை நாய்களைக் கொல்லும் ஆணையை விலக்கக் கோரி

அனுப்புநர்:
தவீசக் போன்சுக்,
விகாரைத் தெரு, நா லோம்,
நான் மாகாணம், தாய்லாந்து.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
துணைமாவட்ட நிர்வாகம், நா லோம்.

பொருள்: வெறிநோய்த் தடுப்பு – கொல்லும் ஆணையை விலக்கி, என் மகளைக் கடித்த நாய் உயிருடன் வெளிவர வழிசெய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சந்தைக்குப் பின்னால் செத்துக்கிடந்த கறுப்பு நாய்க்கு வெறிநோய் இருந்ததாக மாவட்டக் கால்நடை மருத்துவர் நேற்று மாலை தொலைபேசியில் உறுதிசெய்தார். விகாரை நாய்கள் அனைத்தும் வெள்ளிக்கிழமை காலை கொல்லப்படும் எனத் தங்கள் அலுவலகம் உடனே ஒலிபெருக்கியில் அறிவித்தது. இன்று விடிந்தபோது விகாரையில் ஒரு நாய்கூட இல்லை.

என் மகள் நிம்முக்கு ஏழு வயது. சனிக்கிழமை விகாரை முற்றத்தில் ஒரு செந்நிற நாய் அவள் கன்னத்தில் கடித்தது. தடுப்பூசி அன்றே தொடங்கப்பட்டது. காயத்தைச் சுற்றிப் போட வேண்டிய மருந்து மட்டும் மருத்துவமனையில் இருப்பில்லை. நாயைப் பத்து நாள் கூண்டில் வைத்துப் பார்க்க வேண்டும், அது நலமாக இருந்தால் அஞ்ச வேண்டாம் என்றார் மருத்துவர்.

அப்படியே பிடித்துக் கூண்டில் அடைக்கப்பட்ட நாய் திங்களன்று விடுவிக்கப்பட்டது. விடுவித்தவர் புன்ருவான் அம்மையார். அன்று அவருக்கு அறுபதாவது பிறந்தநாள். பிறந்தநாளில் மீனையோ பறவையையோ விடுவித்துப் புண்ணியம் தேடுவது நம் வழக்கம். அவர் கூண்டைத் திறந்திருக்கிறார். "அது ஊளையிட்டுக்கிட்டே கெடந்துச்சு தம்பி, மனசு கேக்கல. உம் பொண்ணுக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன்" என்று என்னிடம் சொன்னார். அது ஏன் பூட்டப்பட்டிருந்தது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. கூண்டில் அறிவிப்பும் இல்லை. சுகாதாரத் தொண்டர் பிராசோம் சொன்னது: "நாயைப் புடிக்க ஆறு பேரு வந்தாங்கண்ணே. நோட்டீஸ் ஒட்டப் பசை கொண்டாரத்தான் ஆளில்ல."

நாய்கள் இப்போது வீடுகளுக்குள் இருக்கின்றன. இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் நாயே வளர்க்காத ஒரு வீட்டில் இன்று காலை மீன்தலை போட்டுப் பானைச் சோறு வெந்தது. செந்நிற நாய் எங்கே என்று கேட்டேன். "ஒங்கிட்டச் சொன்னா நீயே அடிச்சிருவ. வெள்ளிக்கிழமை போவட்டும், அப்புறம் பேசலாம்" என்றார் அந்த வீட்டுக்காரர். வெறிநோய் இருக்கக்கூடிய நாய்கள் குழந்தைகள் உறங்கும் அறைக்குள் போய்விட்டன. ஆணைக்கு முன்பு அவை முற்றத்தில் கிடந்தன.

என் மகளைக் கடித்த நாயின் மேல் எனக்குப் பரிவு இல்லை. ஆனால் கொல்லாமை இவ்வூரார் தினமும் வாய்விட்டுச் சொல்லி ஏற்கும் ஐந்து சீலங்களில் முதலாவது. அதை மதிக்காத சுகாதார ஆணைக்கு இவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க மாட்டார்கள், ஒளித்துவிடுவார்கள். எதைக் காப்பது, எதற்காகக் காப்பது என்பதில் தாங்களும் இவர்களும் ஒத்துப்போகாதவரை ஊசியும் கூண்டும் பயன்படா.

ஆகவே கொல்லும் ஆணையை எழுத்துமூலம் விலக்கி, தலைமைப் பிக்கு அந்த விலக்கு அறிவிப்பை ஒலிபெருக்கியில் வாசிக்கச் செய்யுங்கள். கால்நடை மருத்துவர் விகாரை முற்றத்திலேயே நாய்களுக்கு ஊசி போடட்டும். செந்நிற நாயை மீண்டும் கூண்டில் வைக்கும்போது புன்ருவான் அம்மையாரையே காவலுக்கு அமர்த்துங்கள். கேட்டுவிட்டேன். "பட்டினி போடாம இருந்தாச் சரி, நானே பக்கத்துல ஒக்காந்துக்கறேன்" என்றார்.

நிம் நன்றாக இருக்கிறாள். வெறிநோய் வந்தால் தண்ணீர் இறங்காது என்று கேட்டதிலிருந்து, அவள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் என் மனைவி வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்க்கிறாள்.

காயத்துக்கான மருந்து வெள்ளிக்கிழமை மாலைக்குள் வரக்கூடும் என்கிறது மருத்துவமனை, உறுதி தரவில்லை. தங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமை காலையே வருகிறார்கள்; செந்நிற நாய் செத்துவிட்டால் அதைப் பார்த்து அறியவும் வழியில்லை. அதற்கு முன் தங்கள் பதிலை வேண்டி நிற்கிறேன்.

நாள்: 14 மார்ச், பௌத்த ஆண்டு 2561
இடம்: நா லோம்

இப்படிக்கு,
தவீசக் போன்சுக்
(நிம்மின் தந்தை)