கடல் வழிவிடும் நேரம்

மார்ச் 2, திங்கள்

பெரிய பேரன் மாட்டு டாக்டர். பசு வயிற்றில் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டால் சுற்றுவட்டாரமே அவனைத்தான் தேடுகிறதாம். சின்னவன் நீச்சலில் இரண்டு கோப்பை வாங்கிவிட்டான். மூன்றாவது கைக்கு எட்டி வாய்க்கு எட்டவில்லை. பேத்தி பாலம் கட்டுகிற இன்ஜினியர். லாரி போனால் தாங்கும் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் பெற்றவனின் பிள்ளைகள். சும்மாவா?

மகன் குடும்பத்தோடு வெளிநாடு போய்ப் பதினேழு வருஷம். சின்னவன் அங்கேயே பிறந்தான், அவனை நான் தொட்டதுகூட இல்லை. இப்போது பேத்தி மட்டும் வேலைக்காகத் திரும்பி வந்திருக்கிறாள். ரயிலில் ஆறு மணி நேரத் தூரம், இங்கே இன்னும் வரவில்லை. இன்று போனில், "பாட்டி, எட்டாம் தேதி ஞாயித்துக்கிழமை வரேன். கடலோரமாவே நடந்து ஏரிக்குப் போலாம். தாத்தா என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனாரே, அதே வழி" என்றாள்.

"என் முட்டி ஒத்துக்கணுமேடி."

"முட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்."

மார்ச் 4, புதன்

படகுத்துறைக்குப் போனேன். ஏரிக்குப் போகிற வழி பாதித் தூரத்தில் பெரிய பாறைக்கு அடியில் போகிறது. கடல் உள்வாங்கியிருந்தால்தான் வழி. தண்ணீர் எந்நேரம் இறங்கும் என்று காவல்காரர் பலகையில் எழுதிப் போடுவார். ஞாயிறு காலை ஒன்பது.

"யார் கூடப் போறீங்க பெரியம்மா?"

"பேத்தி கூட. இன்ஜினியர்."

"அதான் போன மாசமே சொன்னீங்களே."

சொன்னால் என்ன? இன்னொரு தடவையும் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 5, வியாழன்

மாடிப்படி நாற்பது. மூன்று தடவை ஏறி இறங்கினேன். முட்டி முணுமுணுக்கிறது. முணுமுணுக்கட்டும்.

மார்ச் 7, சனி

நாளைக்கு வரவில்லையாம். வேலை. "ஒரு வாரம்தானே பாட்டி. அடுத்த ஞாயிறு, அதே நேரம்."

அதே நேரமா? கடல் என்ன ஆபீஸா, ஒன்பது மணிக்குத் திறந்து வைக்க? நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர் இறங்கும், அந்த நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போகும். பதினைந்தாம் தேதி ஒன்பது மணிக்குப் பாறையடியில் கழுத்தளவு நிற்கும் என்றேன். சிரித்துவிட்டாள் — "பாலம் கட்டுறவளுக்கு இது தோணலையே!" அந்தச் சிரிப்பு போதும் எனக்கு. இருபத்திரண்டாம் தேதி, காலை எட்டேகால் என்று முடிவு செய்தோம்.

மார்ச் 15, ஞாயிறு

ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தேன். கழுத்தளவுதான். நான் சொன்னது சரி. சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

மார்ச் 21, சனி

முட்டை ஆறு அவித்தேன். ரொட்டி, தண்ணீர் பாட்டில் இரண்டு, தொப்பி இரண்டு. சாயங்கால ரயிலில் வர வேண்டியவள் மத்தியானமே போன் செய்தாள். "நாளைக்குக் கான்கிரீட் போடுறாங்க பாட்டி. நான் இல்லாம முடியாது."

"பாலம் நிக்கணுமே கண்ணு. வேலையப் பாரு" என்றேன். நல்லாத்தான் சொன்னேன். போனை வச்சப்புறம் — ஆறு முட்டைய யார் திங்கிறது? இனிமே காலையில தண்ணி இறங்குற ஞாயிறு ஏப்ரல் அஞ்சு. அன்னைக்கு மட்டும் வந்துடுவாளா? ஏன் இவ்வளவு கோவம் வருது எனக்கு? யார் மேல?

மார்ச் 22, ஞாயிறு

போய் வந்தேன். தனியாக. கால் வலியில் எழுத முடியவில்லை.

மார்ச் 23, திங்கள்

பாறையடியில் கணுக்கால் தண்ணீர்தான் இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாண்டினேன். பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தால் நன்றாக இருந்திருக்கும், பாறையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏரிக்கரையில் நாலு பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போகிற வயசு. முட்டையைக் கொடுத்தேன்.

"தனியாவா வந்தீங்க பாட்டி?"

"பேத்தி வர வேண்டியது. பாலம் கட்டுற இன்ஜினியர்" என்று பர்ஸிலிருந்து படத்தை எடுத்து நீட்டினேன். இதே கரையில் எடுத்தது. தாத்தா தோளில் அவள், ஏழு வயசு, முன்பல் இரண்டும் இல்லை.

"இதுவா பாட்டி பாலம் கட்டுது? இன்னும் பல்லே முளைக்கலையே!"

சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஏரியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. அந்த நாலு பேரில் ஒருத்தி அவளாக இருந்திருந்தால்? கையில் முட்டையைக் கொடுத்து, நல்லா இரும்மா என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு வந்திருப்பேன். குரல் தெரியும், சிரிப்பு தெரியும். முகம்?

மார்ச் 24, செவ்வாய்

தபாலில் போட்டதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

கண்ணு, நான் ஏரிக்குப் போய் வந்துவிட்டேன். வழி அப்படியேதான் இருக்கிறது. ஏப்ரல் ஐந்து, காலை ஏழரைக்குத் தண்ணீர் இறங்கும். வந்தால் வா. வர முடியாவிட்டாலும் ஒன்று செய். என் பட்டன் போனில் படம் வராது. புதுசாக ஒரு படம் எடுத்து, காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பு. வேலை இடத்தில் எடுத்தால் தலையில் இருக்கிற தொப்பியைக் கழற்றிவிட்டு எடு. முகம் முழுசாகத் தெரிய வேண்டும்.