ரோஸ்லினுக்கு, ஒரு முட்டியைப் பற்றி

என் ரோஸ்லினுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. போன மாசி மாதம் உன் மகன் சேவியர் பாளையங்கோட்டையிலிருந்து ஃபோன் செய்து, "சித்தி, அம்மா போயிட்டா" என்று சொன்னபோது நான் இந்த வளைகுடா ஊரில், கராமாவில் வேலை பார்க்கும் விமான டிக்கெட் அலுவலகத்தில் இருந்தேன். எதிரே ஒருவர் கொச்சிக்கு டிக்கெட் எடுக்க வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அழுதேன். அன்றிலிருந்து உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று இருந்தது. இந்த வாரம் எழுதாமல் முடியவில்லை.

பிறர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். இங்கே சாயங்காலம் ஆனால் பிள்ளைகளைக் கூடைப்பந்துப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டு வரும் அம்மாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியாவது படித்தால் போதும்.

என் மகள் நிவியை நீ கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பத்து வயது. இப்போது பதினாறு. என்னைவிட அரை அடி உயரம். "ஏட்டி, இவ நம்ம டீமுக்கு ரெண்டு பேருக்குச் சமம்லா" என்று நீயே அன்றைக்குச் சொன்னாய். அது பலித்துவிட்டது. பள்ளி அணி, ஷார்ஜாவில் ஒரு தனியார் அகாடமி, வெள்ளிக்கிழமைகளில் நம்மூர்க்காரர்கள் நடத்தும் போட்டிகள் என்று மூன்று இடத்தில் ஆடுகிறாள். மூன்று பயிற்சியாளர்கள். ஒருவருக்கு மற்றவர் யாரென்றே தெரியாது. ஒவ்வொருவரும் தன்னிடம் ஆடுவதை மட்டும்தான் கணக்கில் வைக்கிறார்கள். அவளுடைய வலது முட்டிக்கு மட்டும் மூன்றும் தெரியும்.

நாமும் ஆடினோம். ஆனால் வருஷத்தில் நான்கு மாதம் மழை, பரீட்சை, திருவிழா என்று பந்தைத் தொடாமல் இருந்தோம். இவளுக்கு அந்த நான்கு மாதம் இல்லை. வெயில் காலத்தில்கூட ஏசி போட்ட உள்ளரங்கம் இருக்கிறதே.

இத்தனை ஆடி இங்கே எங்கே போவது? எங்கள் அலுவலகத்தில் ஒரு கிளப்பின் தொழில்முறை அணிக்கு டிக்கெட் போடுகிறோம். அந்தக் கிளப் ஆபீஸில் வேலை செய்யும் ஜெகன் யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் ஒருமுறை கேட்டேன். "அக்கா, இங்க பிறந்து வளந்த பிள்ளையள் நல்லா விளையாடுதுகள். ஆனா பாஸ்போட் வேற நாடெல்லோ? லீக்கில இறக்கேலாது, வெளியில இருந்து காசு குடுத்து எடுக்கிற ஒண்டிரண்டு பேருக்குத்தான் இடம். பயிற்சியில ஆள் காணாட்டி மட்டும் கூப்பிடுவினம்" என்றார். அதுவும் பையன்களுக்கு. பெண்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு கதவு மூடிவிடும்.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு கல்லூரியின் பயிற்சியாளர் கூப்பிட்டார். நிவி ஆடிய வீடியோவை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். பன்னிரண்டாவது முடித்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், விடுதி, எல்லாம் உண்டு. ஒரே நிபந்தனை, இந்த விடுமுறையில் வந்து அவர்கள் அணிக்கு ஒரு போட்டித் தொடர் ஆட வேண்டும். வீட்டில் அன்றைக்குக் கேசரி கிண்டினேன்.

மறுவாரம் நிவி படி இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்தேன். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "கொஞ்ச நாளா. எல்லாருக்கும் இருக்கும்மா, இட்ஸ் நார்மல்" என்றாள். டாக்டர் அவள் முட்டியை அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், எட்டு வாரம் பந்தைத் தொடக்கூடாது என்றார். போட்டிக்கு நான்கு வாரம்தான் இருந்தது.

அவள் அப்பாவை உனக்குத் தெரியும், கெட்டவர் இல்லை. ஷார்ஜா தொழில்பேட்டையில் பெயின்ட் வாடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற மனிதர். "டாக்டர் எட்டுன்னா நாலுன்னு அர்த்தம். சீட்டு போச்சுன்னா திரும்பி வருமா கமலா? நீயும் ஆடினவதான, உனக்குத் தெரியாதா?" என்றார்.

நிவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, ப்ளீஸ்மா. ஒரே ஒரு டோர்னமென்ட். அப்புறம் ரெஸ்ட் எடுக்கிறேன். ப்ராமிஸ்."

ரோஸ்லின், கல்லூரியிலிருந்து வந்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. காயம் ஏதேனும் உண்டா? நான்தான் நிரப்பினேன். 'இல்லை' என்று எழுதினேன். ஆபீஸ் ஃபாக்ஸில் நானே அனுப்பினேன். தாள் உள்ளே போய் வெளியே வரும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

நீ இதைப் படித்தால் என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அல்லது தெரியாதா?

மதுரையில் நாம் ஆடிய அந்த மாநில இறுதிப் போட்டி. முதல் இரண்டு இடம் வந்த அணிக்குக் கிடைக்கும் சான்றிதழ்தான் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குச் செல்லும் என்று இருந்தோம். அந்த வருஷம் நம் அணி முதலாவதாக வந்தால் அதை வைத்து இன்னும் பெரிய வேலைக்கு மனுப் போடலாம் என்று நம் பயிற்சியாளர் சார் சொன்னார். அரையிறுதியிலேயே உன் முட்டி பலூன் மாதிரி வீங்கியிருந்தது. சார் உன்னைப் பார்க்கவே இல்லை, மாற்று ஆட்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தார். அதில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். உடை மாற்றும் அறையில் நீ என்னிடம்தான் கேட்டாய். "ஏட்டி கமலா, ரொம்ப வலிக்கி. ஆடணுமா?"

நான் உன் முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டே, "ஒரே ஒரு மேட்ச்தானட்டி, ஆடிரு" என்றேன்.

ஜெயித்தோம். எனக்கு வேலை கிடைத்தது. உனக்கும் சான்றிதழ் இருந்தது, ஆனால் மருத்துவப் பரிசோதனையில் உட்கார்ந்து எழுந்திரு என்றார்கள். உன்னால் எழ முடியவில்லை. நான் கல்யாணம் ஆகி அந்த வேலையையும் விட்டுவிட்டு இங்கே வந்தேன். நீ ஜெராக்ஸ் கடை வைத்து, இருபது வருஷம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி போட்டுக்கொண்டாய். ஊருக்கு வரும்போதெல்லாம் "கால் எப்படி இருக்குட்டி?" என்று கேட்பேன். "அது கெடக்கு. நீ அந்தச் சாக்லேட்ட எடு" என்பாய். கடைசியில் சிறுநீரகம் போனதற்கு அந்த மாத்திரைகளும் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சேவியர் சொன்னான். இருக்கலாம் என்றுதான் சொன்னாராம். அந்தச் சொல்லோடு ஒரு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

இவ்வளவும் தெரிந்துதான் 'இல்லை' என்று எழுதினேன். பிள்ளையின் எதிர்காலம் என்று வந்தால் தெரிந்ததெல்லாம் எங்கே போய்விடுகிறது?

ஃபாக்ஸ் அனுப்பி இரண்டு நாள் கழித்து ஜெகன் கூப்பிட்டார். அந்தக் கிளப்புக்கு ஆட வெளிநாட்டிலிருந்து வரும் வீரர்களுக்குத் திரும்பும் தேதி போடாமல்தான் டிக்கெட் எடுப்போம். எப்போது அனுப்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

"அக்கா, அந்த அமெரிக்கப் பெடியன்ர டிக்கெட்டுக்கு நாளைக்குத் தேதி போடுங்கோ. முழங்கால் போயிட்டுது. கலாஸ், முடிஞ்சுது."

"வந்து ஆறு வாரம்தானே ஆச்சு?"

"என்ன செய்யிறது? வேற ஒருத்தன் சனிக்கிழமை வாறான். அவனுக்கும் ஒண்டு போடுங்கோ."

மாலையில் அந்தப் பையனே வந்தான். இருபத்து நான்கு வயது. வாசலில் தலை குனிந்து, ஊன்றுகோலோடு. காலை நீட்ட இடமுள்ள இருக்கை வேண்டும் என்றான். தேடிப் பார்த்துக் கொடுத்தேன். எப்போதிருந்து வலி என்று கேட்டேன். எனக்குச் சம்பந்தமில்லாத கேள்விதான். பதினாலு வயதிலிருந்து என்றான். வளர்கிற வயதில் வருகிற வலி, போய்விடும் என்றார்களாம். "நான் வளர்ந்தேன், அதுவும் கூடவே வளர்ந்துவிட்டது" என்று சொல்லிச் சிரித்தான். நல்ல சிரிப்பு. அவன் போன பிறகு சென்னைக்கு ஃபோன் போட்டேன்.

"படிவத்துல காயம் இல்லைன்னு போட்டிருக்கீங்களே மேடம்?" என்றார் பயிற்சியாளர்.

"பொய். நான்தான் எழுதினேன்."

"இந்த வயசுல எல்லாப் பொண்ணுங்களுக்கும் முட்டி வலிதான். ஒரு ஊசி போட்டா ஓடிடும். அனுப்பறீங்களா, இல்லையா?"

"எட்டு வாரம் கழிச்சு அனுப்பறேனே."

"போட்டி எனக்காகக் காத்திருக்குமா? சரி, இப்பவாவது சொன்னீங்களே. லிஸ்ட்ல அடுத்த பொண்ணு இருக்கா."

அந்த அடுத்த பெண்ணின் முட்டி எப்படி இருக்கிறதோ என்று நினைத்தேன். கேட்கவில்லை.

நிவி நான்கு நாளாக என்னிடம் பேசவில்லை. அவள் அப்பா பேசுகிறார், ஆனால் சாப்பாடு, சாவி, தண்ணீர் என்று மட்டும். இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது அவளே வாயைத் திறந்தாள். "எல்லாருக்குமா அப்படி ஆகுது? எனக்கு ஆகும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஆகாமலும் இருந்திருக்கலாம். ஆடியிருப்பாள், இடம் கிடைத்திருக்கும், வலியும் போயிருக்கும். என் பயத்தை அவள் காலில் கட்டிவிட்டேனா? உன்னை அன்று ஆடச் சொன்னதும் நான், இவளை இன்று ஆடாதே என்பதும் நான். இரண்டு தடவையும் வலி என்னுடையதில்லை.

உன்னைப் பற்றி நிவியிடம் நிறையச் சொல்லியிருக்கிறேன். நீ பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுவரிடம் வாதாடியது, விடுதிச் சாப்பாட்டை எதிர்த்துத் தட்டைத் தட்டியது எல்லாம். அந்த உடை மாற்றும் அறையில் நடந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. உன் கணவரிடம் சொல்லவில்லை, சேவியரிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தால் அவன் என்னைச் சித்தி என்று கூப்பிட்டிருப்பானா?

இந்த வெள்ளிக்கிழமை நிவியிடம் சொல்லப்போகிறேன். இதோ, எல்லாரும் படிக்க எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி மாற முடியாது. சேவியருக்கும் நானே சொல்வேன். அதைக் கேட்டுவிட்டு இரண்டு பேரும் என்னை என்ன சொன்னாலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு உன் வாயால் கேட்டிருக்க வேண்டிய ஏச்சு அது. நீ கடைசிவரை என்னை ஏசவே இல்லை.

உன்னோடு பிறக்காத தங்கை,
கமலா