பார்சலில் என் பேர் வேண்டாம்

அம்மா,

முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போனாயா, இல்லை வழக்கம்போல மீன் பிடிக்கப் போய்விட்டாயா? நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

நான் வேலை செய்யும் குழந்தைகள் மனநல மையத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு சிறுமி போன மாதம் இறந்துவிட்டாள். அவளுக்கும் என் பேர்தான். நம் கடற்கரை மாதிரி இல்லை, இந்தப் பாலைவனத்து ஊரில் இறந்தவர் பேரை யாரும் வாயால் சொல்வதில்லை. அதே பேர் உள்ளவர்களைக் கொஞ்ச காலத்துக்குக் 'குமஞ்சாயி' என்றுதான் கூப்பிடுவார்கள். மையத்தின் பொறுப்பாளர் நான். கதவிலிருந்த என் பேர்ப்பலகையை நானே கழற்றினேன்.

நேற்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவன் போனில் என் பேரைச் சொல்லிக் கேட்டான். வேன் ஓட்டும் டோரீன் அக்கா, "அப்படி யாரும் இங்க இல்லடா, போனை வை!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

சிறுமியின் அம்மா இனி வரமாட்டாள் என்றிருந்தேன். இன்று சின்னவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெறும் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "குமஞ்சாயி, ரூம் வேணாம். வா, மரத்தடியில உக்காரலாம்" என்றாள். உட்கார்ந்தோம்.

பாலைவனம்தான், ஆனாலும் இரவில் இங்கே குளிர். அப்பாவின் நீலக் கம்பளிச் சட்டையையும் புகையில் வாட்டிய மீனையும் அனுப்பு. பார்சலில் மையத்தின் பேரை மட்டும் எழுது. டோரீன் அக்கா தபாலின் மேல் எழுதியிருப்பதைப் பழக்கத்தில் சத்தமாகப் படித்துவிடுவாள்.

வெளியே அவள்தான் ஹாரன் அடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய். ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு எடுக்கிறேன். என் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடு. நான் பேசாமல் இருந்தாலும் போனை வைத்துவிடாதே.

உன் மகள்