கண்டியில் போட்ட வழக்கு

“மாஸ்டர், காணி விஷயத்த கண்டியில பேசணுமா, கொழும்புல பேசணுமா?” என்று ஒருநாள் கேட்டீர்கள். இன்று காலை அலுமாரியைத் திறந்தபோது, பூச்சி உருண்டை மணத்தோடு, நீங்கள் என்னிடம் விட்டுப்போன உங்கள் வழக்குக் கோப்பு கையில் பட்டது. கேள்வியும் கூடவே வந்தது.

தெல்தோட்டைத் தேயிலைத் தோட்ட லயத்தை விட்டு வந்து, குண்டசாலையில் அரச காணித் துண்டொன்றில் வீடு கட்டிப் பல வருடம் இருந்தீர்கள். திடீரென்று வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்தது.

நான் பாடசாலையில் குடியியல் பாடம் படிப்பித்தவன். யோசிக்கவே இல்லை. “பயப்படாதீங்க. காணி மாகாணப் பட்டியல்லதான் ஈக்கிது. கண்டியிலேயே வழக்குப் போடுங்க” என்றேன்.

“பரீட்சையில கேட்டா சரி. கோர்ட்ல கேட்டா?” என்று சிரித்தீர்கள். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

கண்டியிலிருந்த மாகாண மேல் நீதிமன்றம், உங்களை வெளியேற்ற இடைக்காலத் தடை தந்தது. அந்தத் தைரியத்தில் கூரைத் தகரம் மாற்றினீர்கள். பிறகு, முன்பின் தெரியாத யாரோ போட்ட வழக்கில், நாட்டின் உச்ச நீதிமன்றமான கொழும்பு உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அரச காணி மத்திய அரசின் கையில்தான், அதிலிருந்து வெளியேற்றுவதை விசாரிக்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. அரசியலமைப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. உங்கள் மனு தள்ளுபடியானது, தடையும் போனது.

மாகாணங்களின் அதிகாரங்களைச் சொல்லும் அந்தப் பட்டியலுக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. அரச காணி யாருக்கு என்பது அதில்தான் இருக்கிறது. பரீட்சைக்கு வராது என்று முப்பது வருடமாக அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனவன் நான்.

வழக்கம்போல உதாரணம் சொன்னேன்: மாகாணத்துக்குக் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு, காசு போடும் லாச்சியின் சாவியைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

“என்கிட்ட இருந்தது வீட்டுச் சாவி மாஸ்டர். அதையும் கேக்குறாங்க” என்றீர்கள்.

கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றார் சட்டத்தரணி. வாரத்தில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரியில் கிடந்த உங்களால் அது ஏலவில்லை. வீடும் போய், மகளின் வாடகை அறையில் கண்மூடினீர்கள்.

அதிகாரப் பகிர்வு என்று இன்றும் மேடைகளில் முழங்குகிறார்கள். பெயர்ப்பலகை எங்களுக்கு, காணி அவர்களுக்கு. அவர்களைத் திட்டித் தீர்த்துவிடலாம். ஆனால் கண்டிக்குப் போகச் சொன்ன வாய் என்னுடையது. நீங்கள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் ஆறவில்லை.

இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் காணிப் பத்திரத்தை எடுங்கள். தகராறு வந்தால் எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்று சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டு, அதன் பிரதியொன்றின் ஓரத்தில் எழுதி வையுங்கள். தீர்ப்பு மாறலாம், பென்சிலால் எழுதுங்கள்.