நான் செத்த காட்சி

நவம்பர் 16, ஞாயிறு. பிராங்பேர்ட்.

அகதி முகாமில் இருந்த காலத்தில் ஒரு ஜெர்மன் பேய்ப்படத்தில் பிணமாக நடித்தேன். படம் வெளிவந்தபோது என் காட்சியை வெட்டிவிட்டார்கள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து ரஞ்சி இந்தக் கதையை நம்பியதே இல்லை.

நேற்று அந்தப் படத்தின் புதிய புளூரே தபாலில் வந்தது. பழைய பிலிமைச் சுத்தம் செய்து, வெட்டியதையெல்லாம் இயக்குநரே திரும்பச் சேர்த்திருக்கிறார். இன்று மத்தியானம் சாப்பிட்டதும் ரஞ்சியைப் பிடித்து ரீவிக்கு முன்னால் இருத்தினேன்.

பாதிப் படத்தில் நான் வந்தேன். சவக்கிடங்கு மேசையில் கிடக்கிறேன், நெஞ்செல்லாம் இரத்தம். மீசையில் ஒவ்வொரு மயிரும் தெரிகிறது.

"பாத்தியே, நான்தான்!" என்று துள்ளினேன்.

ரஞ்சி படத்தை நிறுத்திவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"என்னப்பா, இது கலியாணத்துக்கு முதல் நான் பின்னி அனுப்பின சுவெற்றர் எல்லோ?"

அதை முகாமில் யாரோ களவெடுத்துவிட்டான் என்றுதான் அப்போது அவளுக்குக் கடிதம் எழுதியிருந்தேன்.

"சொந்த உடுப்போட வரச் சொன்னவங்கள். பிறகு அந்த இரத்தச் சாயம் போகேல்லை."

"இல்லாத கள்ளனை இவ்வளவு காலமாத் திட்டியிருக்கிறன்!"

சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். போடவில்லை. காட்சியை மூன்று தரம் திருப்பிப் போட்டாள்.

"கண் சிமிட்டிறீங்கள். செத்த ஆள் சிமிட்டுமே?"

பிறகு மிச்சப் படத்தையும் பார்த்தாள். கடைசியில் பெயர்கள் ஓடின. என் பெயரும் வந்தது, எழுத்துப் பிழையோடு.

"உங்கட பேர் இருக்கு. பின்னினவளின்ர பேரைக் காணேல்லை," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.

கோபமா பகிடியா என்று இன்னும் விளங்கவில்லை. பக்கத்தில் நித்திரை கொள்கிறாள். எழுப்பிக் கேட்கத் துணிவில்லை.