ஒப்புக்குச் சப்பாணி

மார்ச் 4, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிப் போட்ட மாதிரி இருக்கிறது எழுத்து. இருக்கட்டும், நான் ஒருத்தன்தானே படிக்கப் போகிறேன்.

இத்தனை வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறேன். கொட்டுகிற மழை, குறுக்கே பாய்கிற நாய், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சாலையைக் கடக்கிற மகராசர்கள் என்று எல்லாரையும் சமாளித்தாயிற்று. பக்கக் கண்ணாடிகூட உடைந்ததில்லை. கடைசியில் வீட்டுக் கூடத்தில் பல்பு மாற்ற முக்காலியில் ஏறி, அதிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். டிப்போ முழுக்கச் சிரிப்பாய்ச் சிரிக்கிறதாம். முக்காலிக்குத் தனி லைசென்ஸ் எடுக்கவில்லையா என்று மெக்கானிக் போன் போட்டுக் கேட்கிறான்.

முழங்கை வரை மாவுக்கட்டு. சும்மா இருக்காமல் இடது கைக்கு வேலை கொடுங்கள் என்றார் எலும்பு டாக்டர். என் மனைவி வீட்டில் கிடந்த ஒரு பழைய டைரியை என் முன்னால் வைத்தாள். "சும்மா இருந்தா என்னைத்தான் போட்டு அரிப்பீங்க. இதுல எழுதுங்க."

அவள் நர்ஸ். என்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பாள்.

மார்ச் 6, வியாழன்

சட்டைப் பொத்தானை மகள் குருவி போட்டுவிட்டாள். முகத்தைப் பார்க்காமலே.

மார்ச் 9, ஞாயிறு

பொழுது நகரவே மாட்டேன் என்கிறது. ஜன்னல் வழியாகத் தெருவில் போகிற பேருந்துகளைப் பார்த்து, யார் ஓட்டுகிறார்கள் என்று பிரேக் பிடிக்கிற தினுசை வைத்தே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்கத்தான் ஆளில்லை.

குருவி எட்டாம் வகுப்பு. பிறந்த புதிதில் குருவிக்குஞ்சு மாதிரி எந்நேரமும் வாயைத் திறந்தபடி இருந்ததால் வந்த பெயர். இப்போது பெயர் மட்டும்தான் மிச்சம், வாய் திறப்பதில்லை. பள்ளி விட்டால் அறை, அறைக்குள் கதவடைப்பு.

மத்தியானம் என்னவோ தேடக் கூடத்துக்கு வந்தவளைப் பிடித்துவைத்து, நானும் அண்ணனும் விளையாடிய டேபிள் டென்னிஸ் கதையைச் சொன்னேன். எங்கள் வீட்டில் மேசையே கிடையாது. கழற்றிப்போட்ட பழைய கதவு ஒன்றை இரண்டு தண்ணீர்ப் பீப்பாய்களின் மேல் போட்டு விளையாடுவோம். மட்டை, ரப்பர் செருப்பு. கதவின் தாழ்ப்பாளில் பந்து பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று பிரம்மனுக்கும் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். அவன் குறிவைத்தே அதில் அடிப்பான்.

"தெரியும்பா. இந்தக் கதை மனப்பாடம்" என்றாள் குருவி. உள்ளே போய்விட்டாள். சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். கையில் ஒரு வெள்ளைப் பந்தும் இரண்டு மட்டைகளுமாகத் திரும்பி வந்தாள். பள்ளியில் கொஞ்ச நாள் விளையாடினாளாம். எனக்குத் தெரியாது.

சாப்பாட்டு மேசைக்குக் குறுக்கே புத்தகங்களைச் செங்குத்தாக நிறுத்தினோம், அதுதான் வலை. இடது கையால் அடித்தேன். முதல் பந்து தண்ணீர்ச் செம்பைச் சாய்த்தது. இரண்டாவது அலமாரிக்கு அடியில். குருவி சிரித்தாள்! சத்தமாக. இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாகிறது.

மார்ச் 13, வியாழன்

இன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பள்ளி விட்டு வந்ததும் நானும் குருவியும் ஆரம்பித்துவிட்டோம். காலையில் சாப்பிட்ட தட்டுகளை மேசையிலிருந்து எடுத்து நாற்காலி மேல் அடுக்கியிருந்தோம். அப்புறம் கழுவிக்கொள்ளலாம் என்று. இப்போது என் மனைவி எனக்கும் சேர்த்துச் சம்பாதிக்க இரட்டை ஷிப்ட் பார்க்கிறாள். வந்து நின்றாள். தட்டுகளைப் பார்த்தாள், தரையில் கிடந்த பந்தைப் பார்த்தாள். பையைக்கூட இறக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் விளையாடுங்க. நான் எப்பங்க உட்கார்றது?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இது மெதுவாகச் சொன்னது. நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்கிற மாதிரி. கை உடைஞ்சவன்னு எத்தனை நாளைக்குச் சொல்லிட்டே இருக்கிறது?

மார்ச் 14, வெள்ளி

மாவுக்கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் பாத்திரம் தேய்த்தேன். ஒரு கோப்பை காலி. மற்றதெல்லாம் பத்திரம்.

மார்ச் 18, செவ்வாய்

சாயங்காலம் அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு கையால் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். குருவி கதவில் சாய்ந்து நின்று, "அம்மா, சின்னப் பிள்ளையா இருந்தப்ப நீ என்ன விளையாடுவ?" என்று கேட்டாள்.

அவள் கத்தியை வைத்துவிட்டு யோசித்தாள். சுலபமான கேள்விக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாளே என்று இருந்தது எனக்கு.

பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுடைய அம்மா ஆலை வேலைக்குப் போய்விடுவாராம். தம்பி கைக்குழந்தை. இறக்கிவிட்டால் ஊரைக் கூட்டுவானாம். அதனால் எந்நேரமும் இடுப்பில் அவன். தெருவில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும்போது இவளையும் கூப்பிடத்தான் செய்வார்களாம்.

"ஆனா ஒப்புக்குச் சப்பாணியாத்தான் சேர்த்துக்குவாங்க. என்னை யாரும் துரத்த மாட்டாங்க. தொட்டாலும் நான் அவுட் கிடையாது. நான் யாரையாவது தொட்டா, அதுவும் கணக்குல வராது."

"அப்போ நீ என்னதான் பண்ணுவ?"

"நின்னு பார்ப்பேன். நல்லாத்தான் இருக்கும்."

கத்தியை எடுத்து மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர். வெங்காயம்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும்.

மார்ச் 19, புதன்

கதவு, பீப்பாய், செருப்பு, தாழ்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கதையைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் சிரிப்பவள் அவள். நேற்று குருவி கேட்ட கேள்வி ஏன் என் வாயில் ஒருநாளும் வரவில்லை?

மார்ச் 23, ஞாயிறு

அவளுக்கு இன்று விடுமுறை. காலையிலேயே குருவியும் நானும் வீட்டைக் கூட்டி, துணி துவைத்து, சமையலும் முடித்துவிட்டோம். சாம்பல் நிறத்தில் ஒரு சூப். அதைப் பற்றி மேலே எழுதுவதற்கில்லை. அவளை உட்கார வைத்தோம். உட்கார்ந்தவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, இரண்டு தடவை எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள்.

குருவி மட்டையை நீட்டினாள். "எனக்கென்னடி தெரியும்?" என்று ஒதுங்கப் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள், குழம்புக் கரண்டியைப் பிடிக்கிற மாதிரி. முதல் பந்து காற்றில். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது என் நெற்றியில். "ஐயோ, பட்டுடுச்சா?" என்று ஓடி வந்து தடவிப் பார்த்தாள், நர்ஸ் புத்தி.

குருவி வேண்டுமென்றே மெதுவாகப் போட ஆரம்பித்தாள். இரண்டு பந்து போனது. அவள் அம்மா மட்டையைத் தாழ்த்தினாள்.

"பாவம் பார்த்துப் போடாத. ஒழுங்கா போடு."

குருவி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அப்புறம் ஒழுங்காகவே போட்டாள். என் மனைவி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. முகம் சிவந்து, கொண்டை அவிழ்ந்து, மேசைக்கும் அலமாரிக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தாள். சூப் ஆறிப்போனது. அது சூப்புக்கு நல்லதுதான்.

மார்ச் 29, சனி

கீழ்வீட்டுத் தையற்காரர் மேலே வந்தார். டொக் டொக்கென்று தலைக்கு மேல் என்ன சத்தம் என்று கேட்கத்தான் வந்தாராம். வந்தவர் வாசலிலேயே நின்று, "இப்ப பட்டது விளிம்பு. புள்ளி உங்களுக்குத்தான், சிஸ்டர்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு டீயும் குடித்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் கூடத்தில் சத்தம். எட்டிப் பார்த்தேன். என் மனைவி சீருடை போட்டு, வேலைக்குக் கிளம்பத் தயாராக, சுவரைப் பார்த்து நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். தவறும்போதெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறாள், எனக்கென்று வைத்திருக்கும் அதே திட்டு. நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. மறுபடி போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது என் கை மாதிரியே இல்லை. வற்றி, வெளுத்து, யாரோ இரவல் கொடுத்த மாதிரி. கதவுப் பிடியைத் திருப்பப் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டது. பயிற்சி செய்தால் சரியாகும் என்கிறார் டாக்டர். "ஆகும்" என்று சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார்.

மே 6, செவ்வாய்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

எலும்பு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருக்கிறதாம். வீட்டு வேலைக்குப் போதும், எழுதப் போதும். பெரிய வண்டி முடியாது. அவ்வளவு சனத்தை ஏற்றிக்கொண்டு, அவசரத்துக்கு ஸ்டியரிங்கை ஒடிக்க இந்தக் கையை நம்பக் கூடாதென்று டாக்டர் நல்லவிதமாகத்தான் சொன்னார். நானும் நல்லவிதமாகத் தலையாட்டினேன். வெளியே வந்து நிறுத்தத்தில் நின்றேன். என் தடத்துப் பேருந்து வந்தது. ஏறலை. அடுத்ததும் வந்துச்சு. அதுலயும் ஏறலை. நடந்தே வந்துட்டேன். ஒரு பல்பு. ஒரு பாழாப்போன பல்பு மாத்தப் போயி… என்ன கேவலம் இது. வேற எனக்கு என்ன தெரியும்?

வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. படத்தைப் பார்த்த அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கும். மேசையைத் துடைத்தாள். புத்தகங்களை நிறுத்தினாள். மட்டையை என் வலது கையில் வைத்தாள்.

"வாங்க."

"இந்தக் கையாலயா?"

"அந்தக் கையாலதான்."

தோற்றேன். மறுபடியும் தோற்றேன். ஒரு புள்ளி விட்டுக்கொடுக்கவில்லை, ராட்சசி. வலித்தது. மூன்றாவது ஆட்டத்தில் எங்கிருந்தோ வந்த ஆத்திரத்தில் ஒன்றை ஓங்கி அடித்தேன். விளிம்பில் பட்டு அவளைத் தாண்டிப் போனது. அவள் பந்தை எடுக்கப் போகாமல் அப்படியே நின்றாள்.

"இது உங்க புள்ளிங்க. யாரும் சும்மா குடுத்ததில்ல" என்றாள்.

அப்போதுதான் அழுதேன். குருவி அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் டீ போட்டு எடுத்து வந்தாள், கேட்காமலே.

மே 18, ஞாயிறு

மச்சான் வந்திருந்தான், மனைவியின் தம்பி. இப்போது பெரிய கம்பெனியில் பொறியாளர். அக்காவின் இடுப்பில் இருந்தவன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நிலைப்படியில் குனிந்துதான் நுழைகிறான். அக்கா விளையாடுகிறாள் என்றதும் கேலி செய்தான். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மேசைக்கு வந்தான். நன்றாகத் தோற்றான்.

சாப்பிடும்போது குருவி பெருமை பொறுக்காமல் வாயை விட்டுவிட்டாள். "மாமா, உங்களாலதான் அம்மா சின்ன வயசுல ஒப்புக்குச் சப்பாணி, தெரியுமா?" முழுக் கதையையும் சொன்னாள். அவள் அம்மா "சாப்பிடுடி" என்று அதட்டினாள். மச்சான் சிரித்தான், ஆனால் அதன் பிறகு அதிகம் சாப்பிடவில்லை.

படியிறங்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டான், அக்கா இதைக் குறையாகச் சொன்னாளா என்று. இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள் என்றேன்.

"அவ எல்லாத்தையும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவா, மாமா" என்றான். பிறகு மறுபடி மேலே ஏறிப் போனான். நான் கீழேயே நின்றுகொண்டேன். என்ன பேசினார்களோ தெரியாது. நான் போனபோது இருவரும் அடுத்த ஆட்டத்தில் இருந்தார்கள். அவன் தோற்றுக்கொண்டிருந்தான்.

ஜூன் 2, திங்கள்

டிப்போவில் வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கட்டுப்பாட்டு அறை. எந்த வண்டி எந்தத் தடம், யார் லீவு, யாரை மாற்றி அனுப்புவது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போகின்றன. முதல் வண்டி போனபோது என் வலது கால் தானாக அழுந்தியது. பக்கத்து மேசைக்காரர் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் ஓட்டியவர்தானாம்.

பழகிவிடும் என்று எழுத மனம் வரவில்லை. முடியாது என்று எழுதவும் வரவில்லை.

ஜூன் 11, புதன்

புது ஓட்டுநர் ஒருவருக்குப் பள்ளிக்கூடத் திருப்பத்தில் எந்த இடத்தில் வேகம் குறைக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினேன். வலது கையால் போட்டேன். கோடு நேராக வந்தது.

ஜூன் 20, வெள்ளி

வேலை முடிந்து வந்து சமையலை முடித்தேன். சூப் இல்லை, பாடம் கற்றாயிற்று. குருவி தட்டுகளை எடுத்து வைத்தாள். மனைவி வருகிற நேரம் தாண்டிப் போனது. ஷிப்ட் நீண்டால் அவள் முன்கூட்டியே சொல்லிவிடுவாள். ஏதாவது அவசரமோ என்று நான் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

மூச்சு வாங்கியது அவளுக்கு. பின்னால் ஒரே இரைச்சல். மருத்துவமனையில் ஊழியர்கள் ஓய்வறைக்கு ஒரு டேபிள் டென்னிஸ் மேசை வாங்கிப் போட்டிருக்கிறார்களாம், நிஜ வலையோடு. ரத்தப் பரிசோதனைக் கூடத்து ஆள் ஒருவர் தன்னை யாரும் ஜெயிக்க முடியாதென்று சொன்னாராம்.

"நீங்க சாப்பிட்டுருங்க. எனக்காக உட்கார்ந்திருக்காதீங்க."

"எவ்வளவு நேரமாகும்?"

"தெரியலைங்க" என்றாள். அதற்குள் அங்கே யாரோ, "சிஸ்டர், உங்க சர்வீஸ்!" என்று கூப்பிட்டார்கள். என்னிடம் வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

குருவி மூன்று தட்டுகளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"அம்மா எங்கப்பா?"

"விளையாடப் போயிருக்கா" என்றேன்.