டெப்போ சுவரில் நாத்தனார்

பிப்ரவரி 3

அன்புள்ள நெட்டை நாத்தனாருக்கு,

இங்க எல்லாரும் சுகம், என்னைத் தவிர.

நம்ம பஸ் டெப்போ சுவர்ல உன் படம் வரையப் போறாங்களாம். ‘ஊரின் முதல் பெண் பஸ் டிரைவர்’னு கீழே எழுத்து வேற. உங்கண்ணன் பேப்பரைத் தூக்கிக்கிட்டு “என் தங்கச்சி, என் தங்கச்சி”ன்னு தெரு முழுக்க ஒரே அலட்டல். பொண்டாட்டியும் அதே டெப்போவுல ஓட்டித்தான் ரிட்டயர் ஆனாங்கிறது அந்த மனுஷனுக்கு மறந்தே போச்சு.

வாழ்த்துகள். சொல்லிட்டேன்.

ஆனா, முதல் ஷிப்ட் யார் பேருக்குப் போட்டிருந்தாங்க? எனக்கு. அன்னிக்குன்னு பார்த்துப் பாப்பாவுக்குக் காய்ச்சல். டாக்டர்கிட்ட காட்டிட்டு, அவளை இடுப்புல வச்சுக்கிட்டு ஓடி வர்றேன், நீ வண்டியைக் கிளப்பிட்டே. நான் பின் சீட்டுல பயணியா வந்தேன். டிக்கெட் வேற எடுக்க வச்சாங்க!

நீ மக வீட்டுல சொகுசா இருக்கே. இனிமே காய் வாங்க நான் வேற வழியாப் போகணும்.

உன் அண்ணி

பிப்ரவரி 11

பிரியமுள்ள அண்ணிக்கு,

உங்க கடிதாசியைப் படிச்சுச் சிரிச்சேன், அப்புறம் அழுதேன்.

அன்னிக்கு நீங்க வர லேட்டானதும், “பொம்பளைங்கள நம்பினா இப்படித்தான்”னு சொல்லிக்கிட்டே மேனேஜர் சாவியை வேற டிரைவர்கிட்ட நீட்டினார். நான் பிடுங்கிக்கிட்டேன். உங்க இடத்தைப் பிடிக்கணும்னு இல்லை அண்ணி. ஓட்ட எனக்கே பயம்தான்.

வரையிற பொண்ணு இங்க வந்து என்கிட்ட நாள் முழுக்கப் பேசினா. ரெண்டு பேரையும் வரைம்மான்னேன். ஒருத்தரைத்தான் வரையணும்னு உத்தரவாம்.

முட்டி ஆபரேஷன் ஆனதால படத் திறப்பு விழாவுக்கு என்னால வர முடியாது. குடும்பத்துல யாராவது திரையை இழுக்கணுமாம். உங்க பேரைக் கொடுத்துட்டேன். கோச்சுக்காதீங்க.

உங்க நெட்டை

பிப்ரவரி 18

நெட்டைக்கு,

முடியாது. உன் மூஞ்சியை மூடின துணியை நான் இழுக்கணும், ஊரே கை தட்டணும், நான் ஓரமா நின்னு பல்லைக் காட்டணுமா? நல்லா இருக்குடியம்மா நியாயம்! உங்கண்ணனை இழுக்கச் சொல்லு.

ஆமா, பொறாமைதான். வயிறு எரியுது.

முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கேன். சூடு பண்ணித் தேய்.

அண்ணி

பிப்ரவரி 25

அண்ணி,

அண்ணனுக்கு அந்தப் படம் புரியாது. நீங்கதான் பார்க்கணும். பார்த்துட்டு எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க.

தைலம் வந்துச்சு.

நெட்டை

மார்ச் 9

அடி நெட்டை,

இழுத்தேன். உங்கண்ணனுக்குத் திடீர்னு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு, அதனாலதான். வேற ஒண்ணும் நினைச்சுக்காதே.

சுவர் முழுக்க நீ. மூக்கு மட்டும் உன்னோடது இல்லை, இது நல்ல மூக்கு. பக்கத்துல நின்னவர், “என்னங்க, டிரைவரம்மா ரோட்டைப் பார்க்காம மேலே பார்க்கறாங்க?”ன்னார். அப்பத்தான் நானும் பார்த்தேன். உன் தலைக்கு மேலே கண்ணாடி. அதுல பின் சீட்டு. மடியில பிள்ளையோட உர்ருன்னு ஒரு பொம்பளை. நான்!

வரைஞ்ச பொண்ணைப் பிடிச்சுக் கேட்டேன். “அண்ணி முறைச்சுக்கிட்டேதான் வந்தாங்க. ஆனா ஒவ்வொரு வளைவுலயும் தலையாட்டினாங்க. அதைக் கண்ணாடியில பார்த்துத்தான் வண்டியைத் திருப்பினேன்”னு நீ சொன்னியாமே.

நான் தலையாட்டினது எனக்கே தெரியாதுடி. பின் சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு இல்லாத பிரேக்கை மிதிச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்கு.

அங்கயே அழுதுட்டேன். நாத்தனார் பாசம்னு போட்டோ எடுத்துட்டாங்க.

பொறாமை போயிடுச்சுன்னு நினைக்காதே. நீ சுவர் உசரம், நான் கையகலம். ஆனா ஊரெல்லாம் உன்னைப் பார்க்குது, நீ என்னைப் பார்த்துக்கிட்டு இருக்கே.

காய் வாங்க அந்த வழியாத்தான் போறேன். நேத்து ரெண்டு தடவை போனேன், வீட்டுல காய் இருந்தும்.

முட்டி சரியானதும் வந்து சேர்.

உன் பின் சீட்டு அண்ணி